முகம் வராது

கழுத்தில் துண்டைச் சுற்றுவதற்கு முன்னால் அக்கா கையை நீட்டுகிறார். "ஃபோனக் குடுங்க. அது கொஞ்சம் தூங்கட்டும்." வாங்கிய கைப்பேசியைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைக்கிறார். கவிழ்த்து வைத்தால் பின்பக்கத்துக் கேமரா கூரையைப் பார்க்கிறது. நிமிர்த்தி வைத்தால் முன்பக்கத்துக் கேமரா பார்க்கிறது. "ரெண்டு பக்கமும் கண்ண வச்சுக்கிட்டு, எப்படிப் படுக்க வச்சாலும் முழிச்சுக்கிட்டே கெடக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, முகம் துடைக்கும் சின்னத் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்துகிறார். மூலைகளை இழுத்து விடுகிறார். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுகிறார்.

யார் வந்தாலும் இதே நடைமுறைதான். ஒருமுறை நான் காத்திருந்தபோது, மறுநாள் திருமணம் என்று ஒரு பெண் தோழிகளோடு வந்திருந்தாள். முடி வெட்டுவதைப் படம் பிடிக்க வேண்டும் என்று தோழிகள் அடம்பிடித்தார்கள். கெஞ்சினார்கள், பிறகு முறைத்தார்கள். அக்கா அசையவில்லை. "தல உங்களோடது, கட என்னோடது. படியிறங்கிப் போயி எத்தன படம் வேணா எடுத்துக்கங்கம்மா" என்றார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மூன்று தலைக்கான வேலை படியிறங்கிப் போனதைப் பற்றி அவர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் கூட்டினார்.

அவருக்குப் பெயர் அக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கடை, மூக்குக்கண்ணாடி விற்கும் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடிகிற படிக்கட்டு. உள்ளே மூன்று நாற்காலிகள். அவற்றில் இரண்டின்மேல் இப்போது மடித்த துண்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. உயரமான கண்ணாடிக் குவளையில், நீல மருந்துத் தண்ணீரில் சீப்புகள் மூழ்கி நிற்கின்றன. சுவரில் உள்ள வெந்நீர்க் கொதிகலன் அவ்வப்போது வயிற்றுவலிக்காரனைப் போல முனகுகிறது. கிளிப்புகளை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவரே இல்லை. சட்டைக் கையில் நாலு, பல்லுக்கு நடுவே இரண்டு. அந்த இரண்டோடுதான் பேச்செல்லாம். முதல் மாதம் அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. முதல் தடவை என்னோடு ஒரு மணி நேரம் பேசியவர், அடுத்த முறை என் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "புதுசா வர்றீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து பின்னலை அவிழ்த்ததும், "அட, எழுத்துக்காரம்மாவா" என்றார். தெருவில் போகும்போதும் அப்படித்தானாம். "எதுத்தாப்புல வந்தா யாருன்னே தெரியாது. என்னத் தாண்டிப் போனாத்தான் தெரியும். அப்புறம் ஓடிப்போய்க் கூப்பிடணும். பாதிப் பேரு நான் பாக்காத மாதிரி போறேன்னு கோவிச்சுக்குறாங்க." சுழி எங்கே, பிடரியில் முடி எந்தத் திசையில் இறங்குகிறது, ஒரு காது இன்னொன்றைவிடக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குப் பெயரும் விலாசமும் மாதிரி. கழுத்தில் கை வைத்ததும், "காலைல வீட்டுல சண்டையா?" என்று கேட்பார். இல்லை என்று நான் சொன்னால், "சரி, இல்ல" என்று ஒத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் செய்த பிழையைத்தான் சொல்ல வேண்டும். பின்பக்கத்தை வைத்தே மனிதர்களை அடையாளம் காண்கிற அவர்தான், பின்பக்கத்தில் அடையாளம் இல்லை என்று நம்பினார்.

நான் அவரிடம் போனதே, கூட்டம் இல்லாத கடை வேண்டும் என்றுதான். படியேறப் போனவளைக் கீழ்க் கடைக்காரர் நிறுத்தினார். "மேலயா போறீங்க? அது ஃபோட்டோ திருடின கேஸாச்சே" என்றார், கண்ணாடிச் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே. அடுத்தவர்கள் செய்த முடியலங்காரப் படங்களைத் தன்னுடையவை என்று இணையத்தில் போட்டுப் பேர் வாங்கினாராம். கடைசியில் அவரே ஒப்புக்கொண்டாராம். "வேலை என்னமோ நல்லாத்தான் செய்யும், பாவம்" என்று பரிந்தும் பேசினார். படத்தைத் திருடினால் என்ன, என் முடியைத் திருடவா போகிறார் என்று நான் ஏறிவிட்டேன்.

உட்கார்ந்து எழுந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நன்றாக வெட்டுகிறவர் எதற்காக அடுத்தவர் படத்தைத் திருட வேண்டும்? கேட்டேன். "எல்லாம் ஆசதான்" என்று சொல்லிக் கிளிப்பைக் கடித்துக்கொண்டார். அந்தப் பதிலைத் தவிர வேறு பதிலை வாங்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

படங்கள் போட்ட அந்த இணையப் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்தவள் அவருடைய மகள். கல்லூரியில் படிக்கிற பெண். 'பின்னாலிருந்து' என்று பெயர் வைத்ததும் அவள்தான். வெட்டி முடித்ததும் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து, பின்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுவார்கள். கீழே கடையின் பெயர், விலாசம், தொலைபேசி எண். அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: முகம் வரக் கூடாது. மற்ற கடைக்காரர்கள் எல்லாம் வந்தவர்களின் முகத்தைப் போட்டு, பிறகு வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டு, மாமியார் வந்து சத்தம் போட்டு, படத்தை நீக்கிய கதைகள் அவருக்குத் தெரியும். "மொகத்தப் போட்டாத்தான தப்பு? முதுகுல என்ன இருக்கு?" என்பார். அனுமதி கேட்காமல் ஒரு படமும் எடுத்ததில்லை. கேட்கிற விதமும் எப்போதும் ஒன்றுதான்: "ஒரு படம் எடுத்துக்கட்டுமா? மொகம் வராது."

முகமே இல்லாத அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று தெரியவில்லை, ஜனங்கள் விரும்பினார்கள். நகரத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். மூன்று நாற்காலிகளும் போதவில்லை. வேலைக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டார். இந்தத் தொழிலைக் கற்றுத் தரும் பள்ளி ஒன்று, வாரம் ஒருமுறை வந்து வகுப்பெடுக்கச் சொல்லி அழைத்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். "நான் டீச்சராம்" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாராம். அவர் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர், வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அன்றைக்கு அவர், "ஆமா, டீச்சர்" என்றாராம். அந்த இரண்டு வார்த்தையை அக்கா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். அதே தெருக்கோடியில் உள்ள சலவைக் கடையில் துணி மடிக்கும் வேலை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். வேறு யாரும் இல்லை. இடுப்பு வரைக்கும் முடி. "கட்டையா வெட்டிடுங்கக்கா. ஆளே மாறிப் போகணும்" என்றாள். இவ்வளவு முடியை வெட்ட மனசு வருகிறதா என்று அக்கா கேட்டதற்கு, "மனசு எப்பவோ வந்துருச்சு, இப்பதான் காசு வந்துச்சு" என்றாளாம்.

முடியைத் தூக்கியபோது கழுத்தின் பின்னால் ஒரு தழும்பு தெரிந்தது. அதன் வடிவத்தையும் சரியான இடத்தையும் நான் எழுதப் போவதில்லை. பழைய தீக்காயம். "என்னம்மா இது?" என்றார். "அடுப்புல பட்டுருச்சுக்கா." பிடரியில் எப்படி அடுப்பு படும் என்று அக்காவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. "கேட்டா அழுதுடுவாளோன்னு கேக்கல. கேட்டிருக்கணும். அழுதிருந்தாலும் பரவால்ல."

கேட்காமல் வெட்டினார். அவர் கையிலிருந்து அதுவரை வந்தவற்றில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் சொல்கிறார். பொதுவாகத் தழும்பு இருந்தால் அதை மூடுகிற மாதிரி முடியை விடுவார்கள். அவர் மூடவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி, கழுத்தைத் திறந்து விட்டுவிட்டார். கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டியபோது, அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். அவள் நிமிர்ந்ததைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் தயங்கினாள். "மொகம் வராதுல்லக்கா?" "சத்தியமா வராது." "அப்ப சரி."

முகம் வரவில்லை. அவர் சத்தியம் தவறவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், வேலைக்கு இருந்த இரண்டு பெண்களும் சாப்பிடப் போயிருந்தபோது, ஒருவன் படியேறி வந்தான். நாற்காலிகளில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக நின்று, தன் முறைக்குக் காத்திருந்தான். அந்தப் பணிவைப் பற்றிச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் மாறுகிறது. "ரவுடி மாதிரி வந்திருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். நல்ல சட்ட, நல்ல பேச்சு. அக்கான்னுதான் கூப்புட்டான்." கைப்பேசியை நீட்டினான். அந்தப் படம். "என் வீட்டுக்காரிக்கா. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. புள்ள ஞாபகமாவே இருக்கு, சோறு எறங்கல. இங்கதான முடி வெட்டியிருக்கா? வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க போதும்."

கண்ணில் தண்ணீர் நின்றதாம். அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. வாய்வரைக்கும் வந்துவிட்டது, சலவைக் கடை என்று. அதைச் சொல்வதற்கு முன்னால், தொழில் புத்தியில், வேறு ஒன்று கேட்டார். "மொகமே இல்லயே, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

அவன் படத்தைப் பெரிதாக்கினான். தழும்பின்மேல் விரலை வைத்தான். தன்னுடைய கையெழுத்தைக் காட்டுகிறவன் மாதிரி வைத்தான் என்கிறார் அக்கா. "இது இருக்கே" என்றான். சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிடரியில் எப்படி அடுப்பு பட்டது என்பதும், இடுப்பளவு முடியை வெட்டியவள் எதற்காக ஆளே மாறிப் போக வேண்டும் என்றாள் என்பதும். அவள் ஒளிந்துகொள்ளத்தான் முடியை வெட்டினாள். இவர் அதையே படம் எடுத்து, விலாசத்தோடு ஊருக்கே காட்டிவிட்டார். "காலுக்குக் கீழ தரை இல்ல எனக்கு. ஆனா கை பாட்டுக்கு முடி வெட்டிக்கிட்டே இருந்துச்சு. கை நின்னிருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார்: "இதுவா? இது நான் வெட்டினது இல்லயே."

"உங்க கட பேரு போட்டிருக்கே."

"போடாம? அடுத்தவங்க வேலன்னு போட்டா யாரு வருவாங்க? எங்கயோ நெட்ல கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன்."

"அப்ப மத்த படமெல்லாம்?"

"பாதிக்கு மேல அப்படித்தான். தொழில் ஓடணும்ல."

நாற்காலியில் இருந்த இரண்டு பெண்களும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அறையைச் சுற்றிலும் பார்த்தான். படத்தில் வெள்ளைத் துணியைத் தவிர எதுவும் இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "நம்புறேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினான். நம்பவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டு இந்தப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கீழே இறங்கினால் பின்னாலேயே வருவான். அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணும் இவரிடம் இல்லை. நல்லவேளையாக, சாப்பாட்டுக்குக் கணவர் வந்தார். கடையின் அழுக்குத் துண்டுகளைச் சலவைக்குக் கொண்டுபோவது எப்போதும் அவர் வேலை. ஈரத் துண்டுகளை மூட்டை கட்டிக் கொடுக்கும்போது அக்கா அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் கிணற்றில் போட்ட கல் மாதிரி. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைத் தாண்டி, வழக்கமான நடையில் நடந்து போனார். சலவைக் கடையில் அந்தப் பெண்ணிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டு, "ஒன்னத் தேடி ஒருத்தன் வந்திருக்கான். ஒன் படத்தப் பாத்துட்டு வந்திருக்கான். புள்ளையக் கூட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போயிரு" என்றார். அவர் தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "மொகம் வராதுன்னுதான அக்கா சொன்னாங்க?"

கணவர் திரும்பி வந்து அதைச் சொன்னார். ஒரே தடவைதான் சொன்னார். அது போதுமாக இருந்தது. அக்கா அந்தக் கேள்வியை என்னிடம் சொன்ன அன்று, என் தலையில் பாதியை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் பாதித் தலையோடு காத்திருந்தேன்.

பொய் சொன்னால் மட்டும் போதாது, அது நிற்க வேண்டும். படத்தை நீக்கிவிட்டால் அவனுக்குச் சந்தேகம் உறுதியாகிவிடும். பக்கத்தை மூடினாலும் அப்படித்தான். அன்று சாயங்காலம் அக்கா கடையிலேயே உட்கார்ந்து, தன் கையால் ஒரு பதிவு எழுதினார். மகள்தான் வழக்கமாக எழுதிக் கொடுப்பாள். அன்று அவளைக் கூப்பிடவில்லை. "இந்தப் பக்கத்தில் உள்ள படங்களில் பல நான் செய்த வேலை இல்லை. மற்றவர்கள் செய்ததை என்னுடையது என்று போட்டுக்கொண்டேன். எல்லோரும் மன்னிக்கவும்." திருடினேன் என்று எழுதக் கை வரவில்லையாம். "அதுவரைக்கும் நெனச்சா எடுப்பேன், எடுத்தாப் போடுவேன். யோசிச்சு யோசிச்சுப் போட்டது அது ஒண்ணுதான். அதுவும் பொய்யி."

ஊர் சும்மா இருக்குமா? கழுவிக் கழுவி ஊற்றியது. சக தொழில்காரர்கள், எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். வகுப்பெடுக்க அழைத்த பள்ளி, இரண்டு வரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதெல்லாம்கூட அவரை அவ்வளவு வருத்தவில்லை. நல்ல வாடிக்கைக்காரர்கள் சிலர் அவருக்காகச் சண்டைக்குக் கிளம்பினார்களே, அதுதான் பெரிய தலைவலி. "இது என் தலை. அக்காதான் வெட்டினாங்க. யாரு சொன்னது திருட்டுன்னு?" என்று படத்துக்குக் கீழே எழுதினார்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அவர் போட்ட முடிச்சை ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பதில் எழுதினார்: உங்களுடையது உண்மைதான், மற்றவைதான் இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள். தனக்காகப் பேசியவர்களையெல்லாம் ஒவ்வொருவராக வாயடைக்க வைத்தார்.

அந்தப் பதிவுக்குக் கீழே, மறுநாள், அன்று சொல்லிவிட்டுப் போன பெயரிலேயே, அந்த மனிதன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான். விருப்பக்குறி. "ஆயிரம் பேரு திட்டினது எனக்கு ஒறைக்கல எழுத்துக்காரம்மா. அந்தக் கட்ட வெரலப் பாத்தாத்தான் ஃபோனக் கவுத்து வச்சுருவேன். ஆனா அதப் பாத்துத்தான் மூச்சும் விட்டேன். நம்பிட்டான்ல." இன்னும் சில நாள் எதிர்ப்பக்கத்தில் நின்றான். அப்புறம் காணவில்லை. இடையில் காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். பெண்டாட்டியைப் புருஷன் தேடி வருவது ஒரு குற்றமா என்று அங்கே கேட்டார்களாம். சலவைக் கடை முதலாளியம்மாதான் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் தன் உறவினர் வீட்டில் ஒளித்துவைத்து, பிறகு எங்கோ வேறு ஊருக்கு அனுப்பிவைத்தார். எந்த ஊர் என்று முதலாளியம்மா சொல்ல வந்தபோது, அக்கா கையால் வாயை மூடிக் காட்டி, சொல்ல வேண்டாம் என்றுவிட்டார். "எனக்குத் தெரியலன்னா எங்கிட்டருந்து எவன் எதப் புடுங்க முடியும்?"

இந்த ஏற்பாட்டில் மகளும் ஒரு விலை கொடுத்தாள். கல்லூரியில் அவளைத் திருடி மகள் என்றார்கள். வீட்டுக்கு வந்து தாயைப் பார்த்துக் கத்தினாள். நான்தானே ஒவ்வொரு படமும் எடுத்தேன், எனக்குத் தெரியாதா, எதற்காக இப்படி எழுதினாய் என்று கேட்டாள். மாதக் கணக்கில் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ், இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அந்தப் பெண் ஊரைவிட்டுப் போய்ச் சேர்ந்தாள் என்று தெரிந்த பிறகுதான் மகளிடம் சொன்னார். அவள் அழுதுவிட்டு, "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் யாருகிட்டம்மா சொல்லியிருக்கப் போறேன்?" என்று கேட்டாள். "எங்கம்மா திருடி இல்லன்னு ஊரு பூரா சொல்லியிருப்ப" என்றார் தாய். என்னிடம் இதைச் சொல்லும்போது, "அவ நல்லவ. கெட்டவங்ககூட ரகசியத்தக் காப்பாத்திருவாங்க, நல்லவங்களுக்குத்தான் வாய் நிக்காது" என்றார். அதில் கொஞ்சம் என்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

முகம் நினைவில் நிற்காத தன் குறையைப் பற்றி ஆரம்பத்தில் என்னிடமும் வேடிக்கையாகப் பேசியிருக்கிறார். இப்போது பேச்சு அங்கே வந்தால் நிறுத்திவிடுகிறார். "முதுகப் பாத்து ஆளக் கண்டுபுடிக்கிற கண்ணு எனக்கு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சேன். தொழில் திமிரு. பயந்து போறவங்க பின்னாடியே போறவனுக்கு அந்தக் கண்ணு இருக்காதா?" இதற்கு மேல் இந்த விஷயத்தில் அவர் ஒரு விளக்கமும் சொன்னதில்லை. அவன் வருவது நின்ற பிறகு இணையப் பக்கத்தை மூடிவிட்டார். கடைக்குப் புதிய பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. வந்தவர்கள் சொல்லி மற்றவர்கள் வருகிறார்கள். வாடகைக்கு ஆகிறது, சில மாதம் ஆவதில்லை. வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் காட்டுகிறார். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "எழுதுங்க" என்றார். "எத்தன பேரு தெனமும் அடுத்தவங்களப் படம் புடிச்சுப் போடுறாங்க. மொகம் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு என்ன மாதிரியே நெனச்சிருப்பாங்க. ஆனா எழுதினதும் எனக்குப் படிச்சுக் காட்டணும்." சென்ற வாரம் போய்ப் படித்துக் காட்டினேன். வேறு யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையில் சீப்போடு கேட்டார். சில இடங்களில் சீப்பைத் தூக்கினார். அந்த இடங்களில் எழுதியிருந்தவை இப்போது இதில் இல்லை. சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். தழும்பு எப்படி இருக்கும் என்று நான் அரைவரி எழுதியிருந்தேன். "அது வேணாம்மா. எந்தப் பக்கம்னுகூட வேணாம்" என்றார். அடித்துவிட்டேன். தன்னைப் பற்றி எழுதியிருந்த எதற்கும் அவர் சீப்பைத் தூக்கவில்லை. இதற்குக் கீழே வருவதையும் மறுபடி போய்ப் படித்துக் காட்டிய பிறகுதான் சேர்த்தேன்.

படித்து முடித்ததும், வந்ததுதான் வந்தீர்கள், நுனி வெட்டிவிடுகிறேன் என்று என்னை உட்கார வைத்தார். என் கைப்பேசி துண்டுக்கடியில் தூங்கப் போனது. பாதி வேலையில் அவருடைய கைப்பேசி பலகையின்மேல் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. பல்லுக்கு நடுவே இருந்த கிளிப் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

திரையை என் பக்கம் ஒரு கணம் திருப்பினார். தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம். எழுத்து எதுவும் இல்லை. பின்னாலிருந்து எடுத்த ஒரு தலை. முடி தோள்வரைக்கும் வளர்ந்து, கழுத்தை மூடியிருந்தது. பின்னணியில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் கீழ் ஓரத்தில், துணியைப் பிடித்திருந்த ஒரு குழந்தையின் விரல்கள் மட்டும் வந்திருந்தன.

அவருக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, சுழியைப் பார்த்தார், முடி இறங்கும் வழியைப் பார்த்தார், நுனிகளைப் பார்த்தார். "வெட்டி விட ஆள் சரியில்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை அனுப்பலாமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

படத்தை அழித்தார். எண்ணையும் அழித்தார். அழித்தவையெல்லாம் போய்ச் சேரும் இடத்தையும் தேடிப் போய், அங்கேயும் அழித்தார். பிறகு கைப்பேசியை என்னுடையதற்குப் பக்கத்தில் படுக்க வைத்து, துண்டின் ஒரு பாதியை அதன்மேலும் இழுத்துப் போர்த்தினார்.

"தலையக் குனிங்க" என்றார்.